வெளிநடப்பும் இரண்டாம் எண் கேள்வியும்

இது ஒரு சட்டமன்றத்தில் சில நிமிடங்களுக்குள் நடந்து முடிந்த கதை. எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். சொன்னால் முடிவில் நான் கேட்கப்போகும் புதிரை விட்டுவிட்டுக் கட்சியைப் பிடித்துக்கொள்வீர்கள்.

மரகதவல்லி எதிர்க்கட்சி உறுப்பினர். அவருடைய தொகுதியான முகத்துறையை ஒரு கழிமுகம் இரண்டாக வெட்டுகிறது. வீடுகள் தென்கரையில், மருத்துவமனை வடகரையில், நடுவே ஒரே ஒரு படகு. போன ஐப்பசி மழையில் ஒரு பெண்ணுக்குப் படகிலேயே பிரசவம் ஆகிவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தது படகோட்டியின் மனைவி புண்ணியத்தில். அன்று கரையில் கூடியவர்களிடம் மரகதவல்லி வாக்குக் கொடுத்தார்: "அடுத்த கூட்டத்தொடர் முடிஞ்சு வரும்போது, பாலம் எப்போன்னு அமைச்சர் சபையில சொன்ன பதிலோடதான் வருவேன்."

இன்னொரு வாக்கும் இருந்தது. அவருடைய கட்சியில் தேர்தலுக்கு நிற்கும் எல்லோரும் ஒரு தாளில் கையெழுத்திட வேண்டும்: "தலைவர் எழுந்தால் எழுவேன், தலைவர் வெளியேறினால் வெளியேறுவேன்." மீறினால் கட்சியில் இடமில்லை.

கூட்டத்தொடரின் கடைசி நாள் கேள்விப் பட்டியலில் முகத்துறைப் பாலம் இரண்டாம் எண்ணாக வந்தது. எண்ணைச் சபாநாயகர் அழைக்கும்போது, கேள்வி கொடுத்தவர் தம் இருக்கையில் எழுந்து நின்று கேட்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கேள்வி காலாவதி. அடுத்த வாய்ப்புக்கு ஆறு மாதம் ஆகும்.

அன்று காலை பார்த்து டெல்லியில் சமையல் எரிவாயு விலையை ஏற்றிவிட்டார்கள். மாநில அரசு வாய் திறக்கவில்லை. கேள்வி நேரம் தொடங்கியதும் இதை எழுப்புவது, அனுமதி மறுத்தால் வெளிநடப்பு என்று கட்சித் தலைவர் தணிகைநாதன் முடிவெடுத்தார். கேள்விப் பட்டியலை அவர் புரட்டிப் பார்க்கவில்லை.

"ஐயா, கேள்வி நேரம் முடிஞ்சதும் வெளியே போகலாமே. என் பாலம் ரெண்டாவதா இருக்கு" என்றார் மரகதவல்லி.

"பதினோரு மணிக்கு மேல வந்தா மாலைப் பேப்பர்ல வராதும்மா. பாலம் எங்கே போயிடப் போகுது?"

"அது இன்னும் வரவே இல்லையே, ஐயா."

விலை உயர்வை மரகதவல்லி சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அந்தப் படகில் ஏறும் பெண்கள்தாம் அடுப்பும் பற்றவைக்கிறார்கள்.

சபை கூடியது. தணிகைநாதன் விலை உயர்வைக் கிளப்பினார், சபாநாயகர் அனுமதி மறுத்தார், தலைவர் எழுந்தார். நாற்பத்தெட்டு உறுப்பினர்களும் முழக்கமிட்டபடி எழுந்தார்கள், மரகதவல்லி உட்பட. சபாநாயகர் அலட்டிக்கொள்ளாமல் முதல் கேள்வியை அழைத்தார். பேருந்து நிழற்குடைகளைப் பற்றி ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் கேட்டார்.

எதிர் வரிசை காலியாகிக்கொண்டிருந்தது. மரகதவல்லி மட்டும் குனிந்து செருப்பைத் தேடினார். உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிடுவது அவர் வழக்கம். இடது செருப்பு இடது காலுக்கு அருகிலேயே கிடந்தது; அவர் வலது பக்கமாகத் தேடினார்.

"அம்மா, தேடுறது செருப்பையா, வேற கட்சியையா?" என்று ஆளுங்கட்சி வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

செருப்பு கிடைத்தது. மரகதவல்லி நடந்தார், நிற்கவில்லை, விரையவும் இல்லை. "இரண்டாம் எண்" என்று சபாநாயகர் அழைத்தபோது கதவுக்கு நான்கடி பாக்கி. திரும்பி, "கேள்வி எண் இரண்டு!" என்றார்.

ஆளுங்கட்சிக்காரர் ஒருவர் துள்ளி எழுந்தார். "இருக்கையில் இருந்துதான் கேட்க வேண்டும். இது விதி!"

சபாநாயகரும் ஆளுங்கட்சியிலிருந்து வந்தவர்தாம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "சபைக்குள் இருக்கிறார். யார் என்றும் தெரிகிறது. அமைச்சர் பதில் சொல்லலாம்."

பாலங்களுக்கான அமைச்சர் இளவழுதியின் கையிலிருந்த தாளில் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் இருந்தது. எதிரே காலி இருக்கைகள். துணைக் கேள்வி கேட்க ஆளில்லை என்ற குஷியில் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த ஆண்டு ஐப்பசிக்குள் பாலம் கட்டி முடிக்கப்படும்." அமைச்சர் சபையில் தரும் உறுதி அவைக்குறிப்பில் ஏறிவிடும், நிறைவேறும்வரை அதைக் கேட்டுக்கொண்டே இருப்பதற்கென்று ஒரு குழு உண்டு. அந்த நேரத்தில் அவருக்கு அது நினைவில்லை.

மரகதவல்லி சபையை வணங்கிவிட்டு வெளியேறினார்.

"எங்கேம்மா போனே?" என்றார் தணிகைநாதன்.

"செருப்பு கிடைக்கலைங்க ஐயா."

அன்று மாலையே கட்சியிலிருந்து ஏன் நீக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

இரண்டு வாக்குகளுக்கு நடுவே மெல்ல நடந்தவர் மரகதவல்லி. விதியைத் தளர்த்தியவர் சபாநாயகர். தாளில் இல்லாததை வாரி வழங்கியவர் அமைச்சர். இந்த மூவரில் யார் செய்தது சரி?

என் விடை இது. அமைச்சர் செய்தது நல்லது, ஆனால் சரியென்று சொல்ல முடியாது. கேட்க ஆளில்லை என்று நினைத்துக் கொடுத்த வாக்கு அது. குழு துரத்தியதால் ஐப்பசிக்குப் பத்து நாள் முன்பே பாலம் திறந்தது. மரகதவல்லி எந்த வாக்கையும் மீறவில்லை; எவ்வளவு வேகமாக வெளியேற வேண்டும் என்று கட்சித் தாளில் எழுதவில்லை. ஆனால் செருப்பு விஷயத்தில் பொய் சொன்னார். அரை மதிப்பெண் போயிற்று. சபாநாயகர் செய்ததே சரி. இல்லாதவர் பெயரில் கேள்வி ஓடக் கூடாது என்பதற்காக வந்தது அந்த விதி. மரகதவல்லிதான் கண்ணெதிரே நின்றாரே. காலாவதி என்று சொல்லியிருந்தால் சபாநாயகரை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், சொந்தக் கட்சி மேசையைத் தட்டியிருக்கும். அந்தக் கடிதம் என்னவாயிற்று என்கிறீர்களா? அது வந்த மறுநாள் காலையே முகத்துறைக்காரர்கள் பாலம் வரப்போகிற மகிழ்ச்சியில் இரண்டு வேன்களில் வந்து தணிகைநாதன் வீட்டு வாசலில் வெடி வெடித்தார்கள். அவர் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "நான்தானேம்மா உன்னைக் கொஞ்சம் மெதுவா வரச் சொன்னேன்?" என்றார். "ஆமாங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, மரகதவல்லி ஊர்க்காரர்களோடு வேனில் ஏறிக்கொண்டார்.