உரித்துக் கெட்ட மருந்து

பலாமரக் கிளையில் கொம்பேறி என்ற கடுவன் குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. அதற்குக் குடலில் புண். ஒரு வாரமாக எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எதிரே தொங்கிய பலாப்பழத்தைத்தான் பொறுக்க முடியவில்லை! பிஞ்சிலிருந்து அதைக் காவல் காத்தது கொம்பேறி. இன்னும் நான்கே நாளில் பழுத்துவிடும். அதற்குள் குணமாகாவிட்டால் குரங்குக் கூட்டம் பழத்தைத் தின்னும், கொம்பேறி வாசனை பிடிக்கும்!

அது அலறியடித்துக்கொண்டு மரநாய் வைத்தியர் புனுகம்மாவிடம் ஓடியது.

புனுகம்மா ஒரு வேரை அரைத்துக் குன்றிமணி அளவில் உருட்டியது. புரசமரத்து அரக்குப் பூச்சிகளைக் கூப்பிட்டு, ஒவ்வொரு உருண்டைக்கும் அரக்குப் பூசச் சொன்னது.

"அப்படியே முழுங்கிடணும், தெரியுதா?"

"ஆகட்டும் வைத்தியரம்மா!"

குரங்குப் புத்தி சும்மா இருக்குமா? வாழைப்பழமானாலும் வேர்க்கடலையானாலும் உரித்துத் தின்றே வளர்ந்த குலம் அது. கொம்பேறி நாள் முழுக்க உட்கார்ந்து, நகம் தேயத் தேய அரக்கை உரித்தது. உள்ளே இருந்த கசப்பை முகம் சுளித்துத் தின்றது.

மறுநாள் வலி இரண்டு மடங்கானது.

"உங்க மருந்து பொய்!" என்று புனுகம்மாவிடம் கத்தியது.

"தோலை என்ன பண்ணினே?"

"உரிச்சேன். தோலோட திங்க நான் என்ன மாடா?"

புனுகம்மா தலையில் அடித்துக்கொண்டது. "அட கூறுகெட்டவனே! மருந்து போய்ச் சேர வேண்டியது குடலுக்கு. வழியில இரைப்பை இருக்கு. அங்க ஊறுற புளிப்பு, வேரைக் கரைச்சு வீணாக்கிடும். அரக்குக்கு அந்தப் புளிப்பு ஒரு பொருட்டே இல்ல. குடலுக்குப் போனதும் அது தானாக் கரைஞ்சு மருந்தை விடும். அதுக்குத்தான் இந்தத் தோல்!"

கொம்பேறியின் கண் பலாப்பழத்தில் இருந்தது. 'தோலை உரிக்கக் கூடாது' என்பது மட்டும்தான் காதில் ஏறியது.

இந்தத் தடவை புனுகம்மா உஷாராகிவிட்டது. வேரை மகரந்தப் பொடியைவிடப் பொடியாக அரைத்து, ஒவ்வொரு துகளுக்கும் அரக்குப் பூச வைத்தது. பூச்சிகள் முணுமுணுத்துக்கொண்டே பூசின.

கொம்பேறி பழக்கதோஷத்தில் ஒரு துகளை எடுத்து நகத்தால் கீறப் பார்த்தது. தும்மல்தான் வந்தது. வேறு வழியில்லாமல் பொடியை அப்படியே தண்ணீரில் கலக்கிக் குடித்தது.

பொடி குடித்த மூன்றாம் நாள் வலி போன இடம் தெரியவில்லை. பழமும் கமகமவென்று பழுத்திருந்தது!

கூட்டம் பழத்தைப் பிளக்க வந்ததும் கொம்பேறி குறுக்கே பாய்ந்தது.

"மடப்பசங்களா, விலகுங்க! எதையும் தோலை உரிக்காமத்தான் திங்கணும். வைத்தியரம்மாவே சொன்னாங்க!"

சொல்லிவிட்டு, முள் தோலோடு ஒரே கடி!

பலாப்பால் மேலுதட்டையும் கீழுதட்டையும் பசைபோல ஒட்டிவிட்டது. "ம்ம்! ம்ம்!" என்று கொம்பேறி குதித்தது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு பழத்தைப் பிளந்து, ஒரு சுளை மிச்சமில்லாமல் தின்று தீர்த்தது.

ஆசை ஆசையாய்க் காவல் காத்த கொம்பேறிக்குக் கடைசியில் கிடைத்தது வாசனை மட்டும்தான், பாவம்!

காரணத்தைக் கேட்காமல் பாடத்தை மட்டும் பிடித்துக்கொள்பவன், நோய் தீர்ந்தாலும் நல்லதை அனுபவிக்க மாட்டான்.