உயர்ந்த ஜீப்பும் உலா வந்த பெருமாளும்

குறளுருவில் வந்து உலகளந்த பெருமாள் திருவடி துணை.

குள்ளரான தோட்ட முதலாளி வரதப்பர் தம் மெக்கானிக் செங்கோடனை அழைத்தார். "ஜீப்பை உயர்த்திப் பெரிய டயர் மாட்டு. ஊரிலே எவனும் என்னைவிட உசரத்துல உட்காரக் கூடாது. நான் ஏணி வெச்சு ஏறுறதை எவனும் பார்க்கவும் கூடாது. பார்த்தா உன் வேலை போச்சு!"

"முதல்ல ஏறி உக்காருங்க ஐயா, அப்புறம் உயர்த்துறேன்" என்ற செங்கோடன், அவ்வாறே செய்து வீதியில் ஓட்டி வந்தான்.

எதிரே பெருமாள் பல்லக்கு வந்தது. அனைவரும் வண்டிகளை விட்டு இறங்கி வணங்கினர். வரதப்பர் காலை நீட்டினார்; தரை எட்டவில்லை.

"இறக்கி விடுடா!"

"ஏறத்தானே வழி கேட்டீங்க ஐயா? இப்போ பெருமாளே உங்களை அண்ணாந்து பார்க்கிறார்!"

செங்கோடன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முதலாளி குழந்தைபோல் இறங்கினார். மறுநாளே பழைய டயர்கள் திரும்பின. செங்கோடன் வேலையும் நிலைத்தது.

இதைக் கேட்டோர் யாவரும் கால் தரையில் பாவ, தலை பெருமாள் அடியில் தாழ, நெடிது வாழ்க.