மண்பானையில் நின்ற தண்ணீர்

மேகம் தெருவில் நடமாடும் மலைநாடு ஒன்று இருந்தது. காலையில் கதவைத் திறந்தால் முதலில் மேகம் உள்ளே வரும். வெயில் அதன் பின்னால்தான் வரும். ஏலக்காய் ஒன்றுதான் அந்த நாட்டுக்கு வருமானம்.

விளைச்சல் வருவதற்கு முன்பே செலவைப் பங்கு போட்டுவிடுவது அங்கே வழக்கம். ஆனி மாதத்தில், ஏலச்செடியின் அடியில் பூ விட்டிருக்கும்போது, அரசவை நடுவில் வெண்கலக் கொப்பரை ஒன்றை வைப்பார்கள். வரப்போகும் வருமானத்தை அரசாங்கக் கணிப்பாளர் வாயால் சொல்வதில்லை. அந்த அளவுக்குக் கொப்பரையில் தண்ணீர் ஊற்றுவார். பிறகு வெள்ளி அகப்பையால் ஒவ்வொரு துறையும் தன் பங்கை மொண்டுகொள்ளும். முதலில் படை, அடுத்து சாலை, பிறகு கோயில், அரண்மனை. பள்ளிக்கூடங்கள் கடைசி. கணித்ததைவிட அதிகம் விளைந்தால், அந்த உபரிக்கு எண்ணெய் வாங்கி, மாசித் திருவிழாவில் மலையெங்கும் விளக்கேற்றுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு விளக்குகள் கூடிக்கொண்டே வந்தன. எரித்தது போக மிஞ்சிய எண்ணெய் பண்டகசாலையில் ஜாடி ஜாடியாக நின்றது.

அந்த ஆண்டு கணிப்பாளர் வேலைக்குப் புதிதாக வந்தவள் மயிலி. அவள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் அவள்தான். படித்தது கீழ்ப்பள்ளத்துப் பள்ளிக்கூடத்தில். போன ஆண்டு பள்ளிகளின் முறை வந்தபோது கொப்பரை வறண்டுவிட்டது. இந்த ஆண்டும் அப்படியானால் கீழ்ப்பள்ளத்துப் பள்ளியைப் பூட்டி, ஏலக்காய் உலர்த்தும் கொட்டகை ஆக்கிவிடுவதாக முடிவாகியிருந்தது.

மயிலி தோட்டம் தோட்டமாகப் போய், ஈரமண்ணில் கன்னம் பட ஒருக்களித்துப் படுத்துப் பூக்களைப் பார்த்தாள். பூ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஆடிமழை அடித்துப் பெய்தால் பிஞ்சில் ஒரு பகுதி உதிரும். எவ்வளவு உதிரும் என்று பூவுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. தண்ணீர் கையில் நிற்காமல் விரலிடுக்கில் வழிவதாகவே அந்த நாட்களில் அவளுக்குக் கனவு வந்தது.

அவளுக்கு முன் அந்த வேலையைப் பார்த்தவர், இப்போது பண்டகசாலை அதிகாரியாக இருக்கும் ஆவுடையப்பர். அவர் ரகசியமாகச் சொன்னார்: "குறைச்சே ஊத்தும்மா. கூட விளைஞ்சா விளக்கு எரியும். குறைஞ்சு போனா நம்ம பிழைப்புல்ல எரியும்!"

அவை கூடிய அன்று கீழ்ப்பள்ளத்திலிருந்து சடைச்சி வந்தாள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறவள். ஊரையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொன்னார்கள். காவலாளிகள் தங்களை அறியாமல் கூடவே முணுமுணுத்தார்கள்.

"ஏ மயிலி, நீயும் எங்க பள்ளத்துப் பொண்ணுதானே? இன்னும் நாலு குடம் சேர்த்து ஊத்தினா கை ஒடிஞ்சா போயிரும்?"

"ஊத்தலாம்க்கா. இல்லாத தண்ணிய ஊத்தினா, பாதி வருஷத்துல வாத்தியார் வெறும் அகப்பையோட நிப்பாரு."

மயிலி கொப்பரையில் தண்ணீர் ஊற்றினாள். பிறகு, யாரும் எதிர்பாராதபடி, பக்கத்தில் ஒரு மண்பானையை வைத்து அதிலும் ஊற்றினாள்.

"மகாராஜா, கொப்பரையில் இருப்பது நிச்சயம் வரும். பானையில் இருப்பது வரலாம், வராமலும் போகலாம். இரண்டையும் கலந்து ஊற்ற எனக்கு மனம் வரவில்லை."

அவ்வளவுதான். தலை குனிந்து ஒதுங்கி நின்றாள்.

படை மொண்டது, சாலை மொண்டது, கோயிலும் அரண்மனையும் மொண்டன. கொப்பரை தீர்ந்தது. பள்ளிகளுக்கு மண்பானை மட்டும் மிஞ்சியது.

சடைச்சி அந்தப் பானையையே பார்த்தாள். பிறகு அரசரைப் பார்த்தாள்.

"நிச்சயமில்லாத தண்ணி மட்டும்தான் எங்க பிள்ளைங்களுக்கா, மகாராஜா? ஒரு வருஷம் எங்களை முன்னால விடுங்க. கடைசியில நிக்கறவங்க பானையில மொள்ளட்டும்."

அவை சிரித்தது. கடைசிக்கு முன் நிற்பது அரண்மனை என்பது நினைவு வந்ததும் சிரிப்பு நின்றது. வாய்ப்பாடு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. மொண்டதையெல்லாம் திரும்ப ஊற்றச் சொன்னார் அரசர். பள்ளிகள் முதலில் மொண்டன. மண்பானை அரண்மனைக்கு வந்தது.

ஆடியில் மழை அடித்துப் பெய்தது. பிஞ்சுகள் உதிர்ந்தன. கொப்பரை அளவுக்குத்தான் விளைந்தது. பானைக்கு ஒன்றும் வரவில்லை. அரண்மனைக் கூரையைப் பழுதுபார்க்க முடியாமல் அரசரின் கட்டிலில் மேகம் வந்து படுத்துக்கொண்டது. நனைந்த தலையணையோடு எழுந்த அரசர், பள்ளிகளின் பங்கைத் திரும்பக் கேட்கலாமா என்று நினைத்தார். அப்போது ஆவுடையப்பர் பண்டகசாலை எண்ணெயை விற்றுக் கூரையை வேய்ந்து கொடுத்தார். அந்த மாசியில் விளக்கு இல்லை. இருண்ட மலையில் கீழ்ப்பள்ளத்துப் பள்ளி ஜன்னல் ஒன்று மட்டும் மினுங்கியது.

பள்ளியைக் காத்தவருக்கு வெள்ளி அகப்பையைப் பரிசளிக்க அரசர் விரும்பினார். "நான் குறைத்து ஊற்றிச் சேர்த்த எண்ணெய்தானே காத்தது?" என்றார் ஆவுடையப்பர். "நான் வந்து கேக்கலன்னா?" என்றாள் சடைச்சி. மயிலி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவள் உள்ளதை உள்ளபடி பிரித்து ஊற்றினாள் என்று கீழ்ப்பள்ளத்துப் பள்ளி வாத்தியார் அவளுக்காகப் பேசினார்.

கேட்கிறவர்களே, அகப்பை யாருக்கு உரியது?

விடை: ஆவுடையப்பருக்கு அல்ல. ஆண்டுதோறும் விளக்குகள் கூடியதே, கணிப்பு ஆண்டுதோறும் குறைவாக இருந்ததற்குச் சாட்சி. அந்த எண்ணெய் பள்ளிகளுக்கு வராமல் போன தண்ணீர். திரும்பி வந்ததைக் கொடை என்று சொல்ல முடியாது. மயிலி உண்மையைக் காட்டினாள். ஆனால் காட்டிவிட்டு ஒதுங்கினாள். அதோடு நின்றிருந்தால் பள்ளிக்கு வந்திருப்பது மண்பானைதான், பள்ளி ஏலக்காய்க் கொட்டகையாகத்தான் ஆகியிருக்கும். வரிசையை மாற்றியது சடைச்சியின் குரல். ஆகவே அகப்பை சடைச்சிக்கே. அவள் அதை வாங்கி மயிலியின் கையில் வைத்தாளாம்: "அடுத்த வருஷமும் ரெண்டா ஊத்து தாயி. கத்தறதுக்கு நான் வர்றேன்."