ஊரே கரையேறிய நாள்

செல்லங்களா, நெருங்கி உட்கார்ந்து கேளுங்கள். மழை வருமா என்று சொல்ல ஆளே இல்லாத காலத்தில், ஆலங்குறிச்சி என்று ஓர் ஊர் இருந்தது. ஊருக்கு ஒரு பெரிய கண்மாய்.

கோடையில் கண்மாய் வற்றும். வற்றினாலும் மண்ணில் ஈரம் மிச்சமிருக்கும். ஊரார் உள்ளே இறங்கி, பாத்தி கட்டி, வெள்ளரி போடுவார்கள். பாத்திக்கு ஒரு குடிசை. நரி வந்து காயைக் கடிக்காமல் இரவெல்லாம் காவல்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரே ஓர் இரவு குடிசையில் ஆள் இல்லாவிட்டால், அந்தப் பாத்தி பக்கத்துப் பாத்திக்காரருக்குப் போய்விடும். அதனால் காய்ச்சலே வந்தாலும் யாரும் கரையேற மாட்டார்கள்.

அந்த ஊரில் அங்காயி என்று ஓர் இளம் தாய். புருஷன் உப்பு வாங்க வண்டி கட்டிக் கடற்கரைக்குப் போயிருந்தான். அவளும் ஆறு மாதப் பிள்ளையும்தான் குடிசையில். பாவம், அவளுக்கு எல்லாவற்றுக்கும் பயம். பிள்ளை தும்மினால் பயம். தும்மாவிட்டால், ஏன் தும்மவில்லை என்று பயம்.

முதல் நாள் அவள் ஆட்காட்டிக் குருவியைப் பார்த்தாள். வருஷா வருஷம் கண்மாய்க்குள் கூழாங்கல் நடுவே முட்டையிடும் குருவி, அந்த வருஷம் கரை உச்சியில், ஆள் நடக்கிற தடத்திலேயே முட்டையிட்டிருந்தது.

'மிதிபடுகிற இடத்தில் எந்தத் தாயாவது முட்டையிடுவாளா? கீழே அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது' என்று நினைத்தாள். ஊரிடம் சொன்னாள். ஊர் சிரித்தது.

இரண்டாம் நாள், எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக மரமேறின. அதையும் சொன்னாள். ஊர் இன்னும் சிரித்தது. பக்கத்துப் பாத்தி ஒய்யம்மா கேட்டாள்: "ஏன்டி, நேத்து குருவி, இன்னைக்கு எறும்பு. நாளைக்குத் தவளை வந்து உன் காதுல ஓதுமா?"

மூன்றாம் நாள், மேற்கே மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கப் போன கீதாரி, மந்தையோடு முன்னதாகவே திரும்பி வந்தார். அங்காயி ஓடிப்போய் விசாரித்தாள்.

"மலையில விடாம ஊத்துது தாயி. ஆத்துல நுரையும் செத்தையும் வருது. விடியறதுக்குள்ள உங்க கண்மாய்க்குத் தண்ணி வந்துரும்."

அவள் ஊர்த்தலைவர் சோணை அம்பலத்திடம் போனாள். "ஊர் சுத்துறவன் பேச்சைக் கேட்டுக் கட்டுப்பாட்டை விடச் சொல்றியா? பயமா இருந்தா நீ ஏறிக்க. பாத்தி ஒய்யம்மாளுக்கு" என்றார் அவர்.

பாத்தி போனால் கோடை முழுக்கப் பட்டினி. இருந்தால் பிள்ளை? அங்காயி தூளியை அவிழ்த்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கரையை நோக்கி நடந்தாள்.

பாதி வழியில் கால் நின்றது. ஒய்யம்மாளுக்கும் மூன்று பிள்ளைகள். கண்மாய் முழுக்கத் தூளிகள். தன் பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் பயம் தீருமா? தீரவில்லை, பெருகியது. அம்பலமும் ஊராரும் நின்ற இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

"அம்பலம் ஐயா, ஒருத்தி ஏறினா பாத்தி பக்கத்து ஆளுக்குப் போகும். சரி. ஊரே ஏறினா? பக்கத்துப் பாத்தியிலயும் ஆள் இருக்காதே. எது யாருக்குப் போகும்?"

அம்பலம் விரல் விட்டுப் பாத்திகளை எண்ணிப் பார்த்தார். "அதுக்குக் கட்டுப்பாட்டுல ஒண்ணும் சொல்லலையே!"

ஒய்யம்மா மட்டும் விடவில்லை. "நான் ஏறின பிறகு இவ நைசா இறங்கிட்டா? என் பாத்தி இவளுக்குப் போயிருமே!"

உடனே அங்காயி, ஒரு கணம்கூடக் கீழே விடாத தன் பிள்ளையை, அவள் கையில் கொடுத்தாள். "நீ இவனைத் தூக்கிட்டு முன்னால ஏறுக்கா. இவனை விட்டுட்டு நான் எங்கே இறங்கப் போறேன்?"

ஒய்யம்மா அவனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, தன் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டாள்.

பறித்த வரைக்கும் காய், பிடுங்கிய வரைக்கும் குடிசைக் கம்பு, தூளி, பிள்ளை, ஆடு, கோழி. பொழுது சாய்வதற்குள் ஊரே கரையேறியது.

விடியலில் தண்ணீர் வந்தது. கொடி முழுகியது. பாத்தி முழுகியது. விட்டுவந்த குடிசைகள் மிதந்து போயின. அம்பலம் தலைகளை எண்ணினார். ஒன்றுகூடக் குறையவில்லை.

ஒய்யம்மா பிள்ளையைத் திருப்பித் தந்தாள். "கல்லுக் குண்டாட்டம் கனக்குறான்டி உன் மகன். ராத்திரி முழுக்க இறக்கி வைக்கலை நான்."

புதுத் தண்ணீரைக் கொண்டு கரைக்கு வெளியே கீரையும் கேழ்வரகும் போட்டார்கள். அந்தக் கோடையில் யார் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. மறுவருஷம் பாத்தி கட்டுமுன், கீதாரிக்கு மோர் கொடுத்து உட்காரவைத்து, "மலையில என்ன சேதி, மாமா?" என்று முதலில் கேட்டவர் அம்பலம்தான்.

ஆகவே கண்ணுகளா, வருகிற மழையை முன்னறிந்து சொல்கிறவரின் சொல்லைச் சிரித்துத் தள்ளாமல் கேட்டு, எல்லோரும் ஒன்றாக நடக்கிற ஊரே பிழைக்கும்.