பட்டாளத்து லாரி விலைபோன கதை

சங்ககிரியில் பட்டறை வைத்திருந்த மைதீன், யுத்தகாலத்து ராணுவ லாரி ஒன்றை மூன்று வருஷம் பாடுபட்டு ஓடவைத்தான். அதை விற்பதற்குள் ஆள் ஓய்ந்தே போனான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் லாரியோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

கடைசியாகப் பங்களாக்காரர் மணவாளன் நாலு பேரோடு வந்தார். "பட்டாளத்துல இருபது வருஷம் இந்த மாதிரி வண்டியைத்தானப்பா ஓட்டினேன்" என்று ஏறி ஒரு சுற்று ஓட்டினார். கியர் மாற்றும்போதெல்லாம் வண்டி கறகறவென்று அலறியது. இறங்கியதும், "கியர்பாக்ஸ் போச்சு. பாதி விலைன்னா எடுத்துக்கறேன்" என்றார்.

மைதீனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. "சரிங்கய்யா, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. பட்டாளத்துல கியர் மாத்த கிளட்ச்சை எத்தனை தடவை மிதிப்பீங்க?"

"இதென்ன கேள்வி? ஒரு தடவைதான்!"

"இந்த வண்டிக்கு ரெண்டு தடவைங்கய்யா. நியூட்ரலுக்கு ஒண்ணு, கியருக்கு ஒண்ணு. பட்டாளத்துல முதல் நாளே சொல்லிக்குடுத்திருப்பாங்களே."

கூட வந்தவர்கள் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மைதீன் ஏறி, இரண்டிரண்டு தடவை மிதித்து ஓட்டிக் காட்டினான். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

மணவாளன் முழு விலையையும் எண்ணிக் கொடுத்தார். பிறகு அவன் காதருகே குனிந்து, "பங்களா வரைக்கும் நீயே ஓட்டிட்டு வந்துர்றியாப்பா?" என்றார்.

மைதீன் பெருமூச்சு விட்டபடி மறுபடியும் ஏறி உட்கார்ந்தான்.