பஸ் முதலாளிக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை

கீரிமேட்டில் எந்தப் பொதுக்காரியம் என்றாலும் நான்கு பேர்தான் முன்னால் நிற்பார்கள். சைக்கிள் கடை கோட்டைச்சாமி, ஆடு வளர்க்கும் இடும்பன், தையற்காரர் சடையாண்டி, எந்த வேலையும் இல்லாததால் எப்போதும் பரபரப்பாக இருக்கும் வீரபுத்திரன். ஊர்க்காரர்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால் நிற்பார்கள். அது மரியாதைக்காக அல்ல, பாதுகாப்புக்காக.

ஊருக்குப் பெரிய குறை பஸ். தார்ரோடு ஊரை ஒட்டித்தான் போனது. பஸ்ஸும் அதில்தான் போனது. நிற்கத்தான் இல்லை. அடுத்த நிறுத்தமான பனங்காடி விலக்கில் இறங்கி, மூட்டை முடிச்சோடு ஒரு மைல் வெயிலில் திரும்பி நடக்க வேண்டும். அப்படி நடந்துவந்த நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். அன்றைக்குத்தான் நால்வருக்கும் ரோஷம் வந்தது. நேரே டவுனுக்குப் போய் பஸ் முதலாளி நீலமேகத்தைப் பார்த்தார்கள்.

நீலமேகம் ஒரு புருவத்தை மட்டும் நெற்றிவரை ஏற்றி, செருப்பில் ஒட்டிய சாணியைப் பார்ப்பதுபோல அவர்களைப் பார்த்தார்.

"கீரிமேடா? அங்கெல்லாம் மனுஷங்க இருக்காங்களா?"

நால்வரும் உடனே ஊருக்குத் திரும்பினார்கள். வீடு வீடாகப் போய்ப் பார்த்துவிட்டு, மறுபடி டவுனுக்குப் போய், "இருக்காங்க ஐயா" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். பதில் எதுவும் வரவில்லை.

அது கேள்வி இல்லை, அவமானம் என்று எஸ்தர் டீச்சர்தான் எடுத்துச் சொன்னார். டவுன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். அவரும் அந்த ஒரு மைலை தினமும் நடப்பவர்.

"அப்படீன்னா அவரைத் திட்டணும் டீச்சர்" என்றார் கோட்டைச்சாமி. "தமிழ்ல திட்டினா அவருக்கு உறைக்காது. இங்கிலீஷ்ல நல்லதா ஒண்ணு குடுங்க."

டீச்சர் கொஞ்சம் யோசித்தார். "சூப்பர்சிலியஸ். மத்தவங்களை மட்டமா நினைச்சு, புருவத்தைத் தூக்கிப் பாக்கிற ஆணவக்காரங்களுக்குச் சொல்ற வார்த்தை."

சடையாண்டிக்குத் திருப்தி இல்லை. "திட்டுற வார்த்தையில சூப்பர் எதுக்கு டீச்சர்?"

"இந்த சூப்பர் வேற. மேலேன்னு அர்த்தம். மிச்சம் இருக்கிறது லத்தீன்ல கண்ணிமை. சொல்லுங்க, கண்ணிமைக்கு மேல என்ன இருக்கு?"

"ஈ" என்றார் இடும்பன். அந்த நேரத்தில் அவருக்கு அங்கே அதுதான் உட்கார்ந்திருந்தது.

"புருவம்!" என்று டீச்சர் அதட்டினார். "பாருங்க, தப்பா உபயோகிச்சு என் மானத்தை வாங்கக் கூடாது. மனுஷங்களுக்குத்தான் சொல்லணும், ஆடு மாட்டுக்குச் சொல்லக் கூடாது. அவர் பெரிய மனுஷன், முகத்துக்கு நேரா சொல்லிடாதீங்க. முதுகுக்குப் பின்னால சொல்லிக்கோங்க. முக்கியமா, வார்த்தை வாயில பழகணும். நல்லா மென்னு ஊற வைங்க."

அன்று சாயங்காலமே நால்வரும் வெற்றிலையில் சுண்ணாம்பால் வார்த்தையை எழுதினார்கள். ஒரு வெற்றிலையில் அடங்கவில்லை, நாலு வெற்றிலை பிடித்தது. 'சூப்' எழுதிய வெற்றிலையைக் கோட்டைச்சாமி மென்றார். 'பர்' இடும்பனுக்குப் போனது. 'சிலி' சடையாண்டிக்கு. கடைசியாக மிஞ்சிய 'யஸ்' வீரபுத்திரனுக்கு.

"ஏங்க, முழு வார்த்தையையும் நீங்களே சொல்லக் கூடாதா?" என்று கோட்டைச்சாமியின் மனைவி கேட்டாள்.

"அடுத்தவன் எச்சிலை நான் எப்படிடி சொல்றது?" என்று அவர் கோபித்துக்கொண்டார்.

நாலு நாள் ஒத்திகை நடந்தது. நடுவில் ஒரு சிக்கல் வந்தது. இடும்பன் கவலையோடு ஓடிவந்தார். "அண்ணே, என் கிடா என்னை அப்படித்தான்ணே பாக்குது. ரொம்ப மட்டமா பாக்குது."

"ஆட்டுக்குச் சொல்லக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்களேப்பா."

"சொல்லலைண்ணே. மனசுக்குள்ள நினைச்சேன்."

"நீ 'பர்'னுதானே நினைச்சிருப்பே? அது பரவால்ல" என்று கோட்டைச்சாமி தீர்ப்புச் சொன்னார்.

அந்த வாரக் கடைசியில் நீலமேகமே கீரிமேட்டுக்கு வந்து சேர்ந்தார். ஏதோ கல்யாணத்துக்குப் போகிற வழியில் கார் டயர் பஞ்சராகிவிட்டது. டிரைவர் டயரோடு மல்லுக்கட்ட, முதலாளி ரோட்டோரம் நின்று ஊரைப் பார்த்தார். புருவம் மேலே போயிருந்தது.

நால்வரும் வரிசையாக வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

"சூப்!"

"பர்!"

நீலமேகம் சட்டென்று திரும்பினார். முகம் வந்துவிட்டது! நால்வரும் தலைதெறிக்க ஓடி மறுபடி முதுகுப்பக்கம் போனார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பினார். இவர்கள் இந்தப் பக்கம் ஓடினார்கள். ஓட்டத்தில் வரிசை கலைந்தது.

"யஸ்!"

"சூப்!"

"இருடா, நான் இன்னும் வரல!" என்று மூச்சு வாங்கியது 'சிலி'.

"யாருடா நீங்க? என்னடா வேணும்?" என்று கத்திக்கொண்டே முதலாளி சுழன்றார். சுழன்று சுழன்று நடுரோட்டுக்கே வந்துவிட்டார். அப்போதுதான் அவருடைய பஸ் வந்தது. நடுரோட்டில் முதலாளி பம்பரமாய்ச் சுற்றுகிறார், அவரைச் சுற்றி நாலு பேர் ஓடுகிறார்கள். டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

கீரிமேட்டில் பஸ் நின்றது அன்றைக்குத்தான். ஊரே ஓடிவந்து ஏறிக்கொண்டது. போக ஓர் இடமும் இல்லாதவர்கள்கூட ஏறிக்கொண்டார்கள்.

தலைசுற்றலில் தள்ளாடிய நீலமேகத்தைக் கைத்தாங்கலாக ஏற்றி முன்சீட்டில் உட்கார வைத்தார்கள். அவருக்கு நேர் பின்சீட்டில் நால்வரும் வரிசைப்படி நெருக்கி உட்கார்ந்தார்கள். இதைவிட நல்ல முதுகு இனி எங்கே கிடைக்கும்? தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராய்த் தெளிவாகச் சொன்னார்கள்.

"சூப்." "பர்." "சிலி." "யஸ்."

கடைசி சீட்டில் இருந்த எஸ்தர் டீச்சர் கண்ணை மூடி ஜெபம் பண்ண ஆரம்பித்தார்.

நீலமேகம் திரும்பாமலே கேட்டார். "என்னையா சொன்னீங்க?"

"ஆமாங்க."

"சூப்பர்னா சொன்னீங்க?"

"அதுக்கு மேலேன்னு அர்த்தமுங்க" என்றார் இடும்பன்.

சூப்பர் வரைக்கும் நீலமேகத்துக்குத் தெரியும். அதற்கும் மேலே ஒன்று இருப்பது அவருக்குத் தெரியாது. கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷமா பஸ் விடுறேன். ஒருத்தன் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லையேப்பா!"

எழுந்து நின்று, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் பார்த்து, ஒரு புருவத்தை உயர்த்தினார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க! நான் சூப்பர்சிலியஸ். எங்கப்பா என்னைவிட சூப்பர்சிலியஸ். எங்க பரம்பரையே சூப்பர்சிலியஸ் பரம்பரை!"

எஸ்தர் டீச்சர் கண்ணைத் திறந்தார். "மூணு வாக்கியம். ஒரு தப்பு இல்ல" என்றார், மெய்சிலிர்த்துப்போய்.

அந்தச் சந்தோஷத்தில் முதலாளி அங்கேயே உத்தரவு போட்டார். இனிமேல் கீரிமேட்டில் பஸ் தினமும் நிற்கும். ஒரே ஒரு நிபந்தனை, ஊர் கொடுத்த பட்டம்தான் நிறுத்தத்துக்குப் பெயர். பத்தே நாளில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் வந்து நின்றது: 'சூப்பர்சிலியஸ் நிறுத்தம்.'

பலகை வைத்த அன்று, பஸ் நிற்கிற அழகை அனுபவிப்பதற்காகவே நால்வரும் டவுனுக்குப் போய் டீ குடித்துவிட்டுத் திரும்பினார்கள். ஊர் எல்லை வந்ததும் கண்டக்டர் விசில் அடித்தார்.

"சூப்பர்சிலியஸ் எல்லாம் இறங்குங்க! சூப்பர்சிலியஸ் எல்லாம் சீக்கிரம் இறங்குங்க!"

பாதி பஸ் இறங்கியது. நால்வர் மட்டும் அசையவில்லை.

"அண்ணே, உங்க ஊர்தானே? இறங்குங்கண்ணே."

கோட்டைச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "தம்பி, வார்த்தையை அளந்து பேசு. நாங்க யாரையும் மட்டமா நினைச்சவங்க இல்ல."

"நல்லா பாத்துக்க" என்று இடும்பன் தன் முகத்தைக் கண்டக்டரிடம் நீட்டினார். "புருவம் ரெண்டும் இருந்த இடத்துலயே இருக்கா இல்லையா?"

கண்டக்டர் பார்த்தார். இருந்தது. விசில் கொடுத்தார்.

நால்வரும் பனங்காடி விலக்கில் இறங்கி, வெயிலில் ஊரைப் பார்க்கத் திரும்பி நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் வீரபுத்திரன் பெருமூச்சு விட்டார்.

"நம்ம ஊர்ல இத்தனை ஆணவக்காரங்க இருக்காங்கன்னு இன்னிக்குத்தான்ணே தெரிஞ்சுது. எஸ்தர் டீச்சர்கூட இறங்கிட்டாங்க, பாத்தீங்களா?"