விளைவு தெரிந்தவன்

கோவில்பட்டியில் சீனியர் ஞானசிகாமணியின் வீட்டுக்குச் செண்பகவல்லி போனபோது, அவர் தனியாக உட்கார்ந்து பழைய கேரம் பலகைக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார். வக்கீல் தொழிலை விட்டு வெகு காலமாயிற்று.

அவரிடம் ஜூனியராக இருந்த காலம் அவள் கண்முன் வந்தது. சனிக்கிழமை ஆனால் போதும், கறுப்புக் கோட்டை நாற்காலியில் மாட்டிவிட்டு, அவளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கூர்நோக்கு இல்லத்துக்குப் போய்விடுவார். வழக்கில் சிக்கிய பையன்களோடு தரையில் உட்கார்ந்து கேரம் ஆடுவார். சிவப்புக் காய் விழுந்தால் இல்லமே அதிரும். கோட்டைக் கழற்றாமலே போகும் அவளுக்கு அங்கே 'கோட்டு அக்கா' என்று பெயர்.

இப்போது அவளே சிறார் நீதிக் குழுமத்தில் நீதிபதி.

நடக்கிற வழக்கைப் பற்றித் தன்னிடம் பேசக் கூடாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். பெயர், ஊர் எதுவும் சொல்லமாட்டேன், மனசுக்குள் கிடக்கிற கேள்வி மட்டும்தான் என்றாள் அவள். பதினேழு வயதுப் பையன். கடையில் கொள்ளையடிக்கப் போனவன், தடுத்த கடைக்காரரை அரிவாளால் வெட்டிவிட்டான். அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்க அனுப்புவதா, கூடாதா என்று திங்கட்கிழமை முடிவு சொல்ல வேண்டும்.

"கடைக்காரரைப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் சார். வலது கை விரல் மடங்காது. பொண்ணுதான் சோறு ஊட்டுது."

சீனியர் பவுடர் டப்பாவை மூடி வைத்தார். பிறகு, சேவியரை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

எப்படி மறக்கும்? இல்லத்தில் யாராலும் ஜெயிக்க முடியாத ஆட்டக்காரன். பதினெட்டு நிறைந்த கையோடு ஒரு லாரி கொள்ளையில் மாட்டி, பெரியவர்களின் சிறைக்குப் போனான்.

சிறையிலிருந்து வந்ததும் தங்கை கல்யாணத்துக்குத் தன்னை அழைத்திருந்தான் என்றார் சீனியர். பந்தி நடக்கும்போது யாரோ "சேவியர்" என்று உரக்கக் கூப்பிட்டார்கள். பட்டு வேட்டியோடு அவன் அப்படியே தரையில் குந்தி, தலை குனிந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டான். சிறையில் ஆள் கணக்கெடுக்கும்போது உட்காருகிற மாதிரி. மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். கல்யாணப் பெண்தான் ஓடிவந்து அவனைக் கைபிடித்துத் தூக்கினாள்.

"அப்புறம் ஆட வந்தானா சார்?"

"கூப்பிட்டேன். வரலை."

செண்பகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"விளைவு தெரிஞ்சுதான் செஞ்சானான்னு பார்க்கச் சொல்லுது சட்டம். நானும் இந்தப் பையன்கிட்ட கேட்டேன் சார். தெரியும்னு என் முகத்தைப் பார்த்தே சொல்லிட்டான்."

"திங்கட்கிழமை நீயும் ஒண்ணு செய்யப் போறே. அதோட விளைவு உனக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்," என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னாள் அவள்.